முருகைக்கல் ஊரில் நான் சொல்லாமல் வந்தது

மகனே,

இதை முதலில் இங்கிலீஷில்தான் எழுத ஆரம்பித்தேன். உனக்கு அதுதானே சுலபம். மூன்று முறை எழுதிப் பார்த்தேன். இங்கிலீஷில் எழுதினால் நான் நல்லவளாகிவிடுகிறேன். 'கன்சர்ன்', 'டிஃபிகல்ட் டிசிஷன்' என்று அழகான வார்த்தைகள் வந்து நான் செய்ததை மூடிவிடுகின்றன. அதனால் தமிழில் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன் வாப்பா உன்னை இழுத்துக்கொண்டு போனதால் எழுத்துக்கூட்டியாவது படிப்பாய். மெதுவாகப் படி. சுஹுராவுக்கும் படித்துச் சொல். நீங்கள் இருவரும் படித்த பிறகு இதை நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும், பள்ளிவாசலில் நமக்குப் பழக்கமானவர்களுக்கும் அனுப்பப் போகிறேன். பொய்யை ஊருக்கெல்லாம் சொன்னவள், உண்மையை உன் காதில் மட்டும் சொல்வது நியாயமில்லை.

போன மாதம் உன்னிடம் வந்து பத்து நாள் இருந்தேன். இந்த விஷயத்தைச் சொல்லத்தான் வந்தேன் என்பது உனக்குத் தெரியாது. நியூவர்க்கில் விமானம் ஏறும்போது, முதல் நாளே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கென்யாவின் மொம்பாசாவில் இறங்கியதும் நீ ஓடி வந்து என் பையை வாங்கிக்கொண்டாய். உன் தாடியில் ஒன்றிரண்டு நரை தெரிந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே பத்து நாளும் போயின.

உனக்கு ஒன்பது வயதில் நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். உன் வகுப்பில் எல்லோரையும் பென்சில்வேனியாவுக்கு ஆறு நாள் முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். ஆற்றங்கரையில் மண்ணைக் கிளறி அம்புமுனை தேடலாம் என்று ஆசிரியர் சொன்னதும் நீ வீட்டுக்குள் குதித்துக்கொண்டே வந்தாய். எனக்கு உன்னை அனுப்பப் பயம். உனக்கு அப்போது வீசிங் இருந்தது. "டாக்டர் போகக் கூடாதுன்னு சொல்லிட்டார்டா," என்றேன். டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை. நீ அழவில்லை. டாக்டர் சொன்னால் அவ்வளவுதான் என்று உனக்குத் தெரியும். நான் ஃபார்மசிஸ்ட். நம் வீட்டில் மருந்து, மருத்துவர், இன்ஷூரன்ஸ் எல்லாம் என் கையில். என் வாயிலிருந்து 'டாக்டர் சொன்னார்' என்று வந்தால் நீயும் வாப்பாவும் மறுபேச்சுப் பேச மாட்டீர்கள். அந்த வசதியை நான் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். அதன் பிறகு பலமுறை பயன்படுத்தினேன்.

நீ ஆர்க்கியாலஜி படிக்கப் போகிறேன் என்றபோது நான் இரண்டு மாதம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. வாப்பாவுக்கு அது என்ன படிப்பு என்றே தெரியாது. ஆனாலும் "அவனுக்குப் புடிச்சதப் படிக்கட்டும், நான் மட்டும் என்ன, பெட்டிக் கடைதானே வச்சிருக்கேன்" என்று சிரித்தார். நியூஜெர்சி ஐசலினில் பயணப் பெட்டி விற்கும் கடையை அவர் அப்படித்தான் சொல்வார். இருபத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் சூட்கேஸ் விற்றவர், தன் கடைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழக்கரைக்கும் மக்காவுக்கும் தவிர எங்கேயும் போனதில்லை.

நீ கென்யாவுக்குப் போன இரண்டாம் வருடம், கடலோரக் காட்டுக்குள் புதைந்து கிடக்கும் அந்தப் பழைய ஊரில் ஒரு வீட்டின் தரையைத் தோண்டும்போது பாசிமணிகள் கிடைத்தன என்று படம் அனுப்பினாய். கடுகை விடக் கொஞ்சம் பெரியவை, செங்கல் நிறம். அறுநூறு வருடம் மண்ணுக்குள் இருந்தவை, தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்திருக்கலாம் என்று எழுதியிருந்தாய். வாப்பா உடனே உன்னைக் கூப்பிட்டார். "கீழக்கரையிலேருந்தா?" என்று கேட்டார். "அப்படிச் சொல்ல முடியாது வாப்பா. சவுத் இந்தியா, மேபி. அவ்வளவுதான் தெரியும்," என்றாய். அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய், "எங்க ஊர் பாசி, என் மகன் தோண்டி எடுத்திருக்கான்" என்று எல்லோரிடமும் காட்டினார். நீ கேள்விப்பட்டு, "வாப்பா, ப்ளீஸ், டோன்ட் டெல் பீப்பிள் தட்," என்று கெஞ்சினாய். "நீ விஞ்ஞானி, நீ சொல்லக் கூடாது. நான் கடைக்காரன், சொல்லலாம்," என்றார்.

பிறகு சுஹுரா வந்தாள். நீ தோண்டும் குழி ஓரத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்த அந்த ஊர் டீச்சர் என்று முதலில் சொன்னாய். கல்யாணம் என்று நீ சொன்ன அன்று நான் கேட்ட முதல் கேள்வி உனக்கு நினைவிருக்கும். "பாஷை?" என்றேன். "அவளுக்கு நாலு பாஷை தெரியும் உம்மா. தமிழ் அஞ்சாவதா கத்துப்பா," என்றாய். பழக்கவழக்கம் வேறு என்றேன். அவர்கள் நம்மைப் போலவே கைலி கட்டுகிறார்கள், தேங்காய்ப் பால் ஊற்றிச் சோறு ஆக்குகிறார்கள், அவளுடைய பெயரே நம் வீட்டுப் பெயர் என்றாய். என் தங்கையின் பெயர் சுஹரா. தொழுகை, நோன்பு, எல்லாம் ஒன்று. அப்படியானால் எதற்கு மறுத்தேன்? நிறத்துக்காகத்தான். அதை எழுத இத்தனை வரி சுற்றி வந்திருக்கிறேன். கலிபோர்னியாவில் டப்ளினில் இருக்கும் அந்தத் தங்கையிடம்தான் போனில் சொன்னேன்: "பேரப் புள்ளைங்க எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாரு." திரும்பிப் பார்த்தால் வாப்பா அறை வாசலில் நிற்கிறார். தன் கறுத்த கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். "என்னக் கட்டிக்கிட்டு முப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தலையா நீ?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் சிரிக்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது வாப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் தெரியாது. ஏழாவது வாரம் பரிசோதனைக்குப் போனோம். உள்ளே வாப்பா சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே நடைபாதையில் டாக்டரம்மா என்னிடம், எல்லாம் நன்றாக இருக்கிறது, கல்யாணத்துக்குத் தாராளமாகப் போகலாம், விமானத்தில் அவ்வப்போது எழுந்து நடக்கச் சொல்லுங்கள், மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள் என்றார். நான் நன்றி சொன்னேன். காரில் ஏறினோம். நான்தான் ஓட்டினேன். ஓக் ட்ரீ ரோடு சிக்னலில் நின்றபோது, "டாக்டர் என்ன சொன்னாங்க? கென்யா பத்திக் கேட்டியா?" என்றார். "லாங் ஃப்ளைட் கூடவே கூடாதாம். ரிஸ்க்காம்," என்றேன். சிக்னல் பச்சையாவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போன பிறகு, "அப்ப நீ மட்டுமாவது போய்ட்டு வா. புள்ளைக்கு யாராவது ஒருத்தர் இருக்கணும்ல," என்றார். "உங்களைத் தனியா விட்டுட்டா?" என்றேன். ஒரே பொய்யில் இரண்டு டிக்கெட்டையும் கிழித்துப் போட்டேன்.

நிக்காஹ் அன்று காலையில் அவர் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, தொப்பி வைத்து, அத்தர் பூசி, ஹாலில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். நீ திரையில் வந்தாய். பின்னால் கடல் தெரிந்தது. நீ 'ஒப்புக்கொண்டேன்' என்று சொல்லும்போது அவர் உதடும் அசைந்தது. துஆவுக்குக் கை ஏந்தும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். தேநீர் போட்டு எடுத்து வந்து பார்த்தால், அசையாத அந்தப் படத்துக்கு முன்னால் அவர் இன்னும் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இரண்டு வாரம் கழித்து டாலஸில் அவருடைய அண்ணன் மகன் கல்யாணம். "நாலு மணி நேர ஃப்ளைட்தான், அதுக்கு ஒண்ணும் இல்ல," என்று நானே டிக்கெட் போட்டேன். அங்கே எடுத்த படங்களை யாரோ குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார்கள். மேடையில் வாப்பா சிரித்துக்கொண்டு நிற்கிறார். அந்த வெள்ளிக்கிழமை நீ போன் செய்தபோது, "டாலஸ் வாஸ் ஃபைன், ஹா?" என்று மட்டும் கேட்டாய். ஸ்பீக்கரில் இருந்தது. வாப்பா என்னவோ சொல்ல வாயெடுத்து, "ஆமாடா, நல்லா இருந்துச்சு," என்று முடித்துக்கொண்டார். அதிலிருந்து உன் வெள்ளிக்கிழமைப் போன்கள் குறுகிப்போயின. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி. பாசிமணிப் படங்கள் வரவில்லை. "அவன் வேல அதிகம்," என்று அவர் சொல்வார். நான் ஆமாம் என்பேன். நீ ஏன் விலகிப் போனாய் என்று எனக்குத் தெரியும். வாப்பாதான் கல்யாணத்துக்கு வர விரும்பவில்லை, டாக்டரைச் சாக்காக வைத்தார் என்று நீ நினைத்துவிட்டாய். ஒரு வார்த்தையில் அதைத் திருத்தியிருக்கலாம். அந்த வார்த்தையைச் சொன்னால் நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்து, நீ அவரை வெறுக்கும்படி விட்டேன்.

அடுத்த வருடம் ஒரு வியாழக்கிழமை முற்பகல், கடையில் ஒரு குடும்பத்துக்குப் பெட்டி எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். நீ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பனி பெய்து நனைந்திருந்த அந்த மண்ணுக்குப் பக்கத்தில் நீ குந்தி உட்கார்ந்து, விரலால் மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தாய். தொழில் பழக்கம். உன்னை அப்படிப் பார்த்தபோதே நான் சொல்லியிருக்க வேண்டும்.

நீ திரும்பிப் போன மறுவாரம் மருத்துவரின் அலுவலகத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். வாப்பாவுக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் நினைவூட்ட. விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுதேவிட்டாள். அவருக்கு எல்லா இடத்திலும் அப்படி ஆட்கள் உண்டு. பிறகு, "கென்யாவுக்குப் போய் மகனைப் பார்த்தாரா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் தனியாக வந்தபோது கென்யா போகலாமா என்று டாக்டரிடம் கேட்டாராம். போன வருடமே போகலாம் என்று உங்கள் மனைவியிடம் சொன்னேனே என்றாராம் டாக்டர். அதற்கு வாப்பா, ஆமாம், என் மனைவிக்குத்தான் உடம்பு சரியில்லை, அவளுக்குச் சரியானதும் இரண்டு பேருமாகப் போவோம் என்றாராம். அதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த நர்ஸ் என்னிடம் அக்கறையாகக் கேட்டாள்: "ஆர் யூ ஃபீலிங் பெட்டர் நௌ?"

ஆறு மாதம், மகனே. ஆறு மாதம் தெரிந்துவைத்துக்கொண்டு என்னோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறார். நான் எடுத்துக் கொடுத்த மாத்திரைகளை வாங்கி விழுங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு நாள், சட்டை மடித்துக்கொண்டே, "உனக்கு எப்ப முடியுதோ அப்பப் போய்ட்டு வரலாம், என்ன?" என்றார். எனக்கு என்ன வந்தது, இவருக்குத்தானே முடியாது, வாய் தவறிச் சொல்கிறார் என்று நினைத்தேன். உன்னிடம் அவர் ஏன் சொல்லவில்லை என்று யோசித்து யோசித்து எனக்கு ஒரு பதில்தான் கிடைக்கிறது. சொல்லியிருந்தால் நீ என்னை விட்டுப் போயிருப்பாய். மகன் மனதில் நான் கெட்டுப்போவதை விடத் தான் கெட்டுப்போவது மேல் என்று நினைத்திருக்கிறார். நான் திருந்தக் காத்திருந்தார். அவருக்கு நாள் போதவில்லை.

இதற்குப் பிறகுதான் உன் ஊருக்கு வந்தேன். மூன்றாம் நாள் நீ என்னை அந்தக் காட்டுக்குள் கூட்டிப்போனாய். இடிந்த ஊர் என்றால் பயமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முருகைக்கல் சுவர்கள், நம் கடற்கரையில் பவளப்பாறையை வெட்டிக் கட்டுவார்களே, அதே கல். நடுவே பெரிய பெரிய மரங்கள் வேர்விட்டு நிற்கின்றன. கூரையில்லாத பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் தொட்டியையும், அதன் பக்கத்தில் கால் தேய்த்துக் கழுவும் சொரசொரப்பான கல்லையும் காட்டினாய். நான் செருப்பைக் கழற்றி அந்தக் கல்மேல் பாதத்தை வைத்தேன். மக்காவை நோக்கிய கிப்லா சுவரில் வரிசையாகப் பள்ளங்கள். சீனாவிலிருந்து வந்த பீங்கான் கிண்ணங்களைப் பதித்திருந்தார்கள், யாரோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாய். கிணறு ஒன்றை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இறங்க இறங்க ஆழமாக்கியிருக்கிறார்கள், ஓர் அளவுக்கு மேல் முடியவில்லை போலிருக்கிறது என்றாய். ஏன் எல்லோரும் போய்விட்டார்கள் என்று கேட்டேன். "யாருக்கும் சரியாத் தெரியாது உம்மா. தண்ணி, சண்டை, நோய். ஒரே நாள்ல போகல. ஒவ்வொரு வீடா."

பிறகு பாசிமணி கிடைத்த வீட்டுக்கு வந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே தெரியாதபடி வளைந்த நடை, சிறிய முற்றம், சுவரில் விளக்கு மாடங்கள். உள்ளறை வாசலைக் கற்களால் அடைத்திருந்தது. மற்றவர்கள் போன பிறகும் யாரோ இங்கே தங்கி, பக்கத்து வீட்டுக் கற்களை எடுத்து வந்து பாதி வீட்டை மூடிவிட்டு ஒரே அறையில் வாழ்ந்திருக்கிறார்கள் என்றாய். நானும் இப்போது மாடி அறைகளைப் பூட்டிவிட்டுக் கீழேதான் இருக்கிறேன். அதைச் சொல்லவில்லை. நீ தரையில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கதான் மணி கிடைச்சுது," என்றாய். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "இட்ஸ் ஓகே உம்மா. வாப்பாக்கு வர இஷ்டம் இல்ல. ஐம் நாட் ஆங்க்ரி எனிமோர். நான் மன்னிச்சுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் வேலையாட்களில் ஒருவர் உன்னைக் கூப்பிட்டார், நீ போய்விட்டாய். அவர் கூப்பிட்டதால் சொல்ல முடியவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நீ பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாய். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

அன்று மாலை சுஹுராவின் தாய் வீட்டில் சாப்பாடு. அந்த அம்மாள் என்னைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். சுஹுரா என்னை "மாமா" என்று கூப்பிட, நான் விழிக்க, அவர்கள் பாஷையில் மாமா என்றால் தாய் என்று நீ சொல்லிச் சிரித்தாய். குழிப்பணியாரம் மாதிரியே ஒன்று வைத்தார்கள். நான்கு சாப்பிட்டேன். பிறகு அந்த அம்மாள் கீழ்த்தளத்தில் ஓர் அறையைத் திறந்து காட்டினார். சுஹுரா இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தாள். கல்யாணத்தின்போது வாப்பா படி ஏறக் கூடாது என்று மாடியிலிருந்து கட்டிலை இறக்கி வைத்தார்களாம். கடல் காற்று வர ஜன்னலைப் பெரிதாக்கினார்களாம். பக்கத்து வீட்டு நர்ஸை மூன்று நாள் விடுப்பு எடுக்கச் சொல்லித் தயாராக வைத்திருந்தார்களாம். வரவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கட்டிலை மேலே ஏற்றவில்லையாம், எப்போதாவது வருவார் என்று. அந்த அம்மாள் என்னவோ சொல்லி என் கன்னத்தைத் தொட்டார். "அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த அறையைக் கூட்டுவேன் என்கிறார் அம்மா," என்றாள் சுஹுரா. ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இவளை வேண்டாம் என்றுதான் அவரைக் கொன்றேன் என்று தோன்றியது. இல்லை, அவர் இதயம்தான் அவரைக் கொன்றது. மருந்து படித்தவளுக்கு அது தெரியும். நான் கொன்றது அவருடைய கடைசி ஆசையை. அதுவே போதும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் நீ தகப்பனாகப் போகிறாய், ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் பிள்ளை எதையாவது கேட்டு, உனக்கு அது பிடிக்கவில்லை என்றால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று உன் வாயாலேயே சொல். டாக்டர் சொன்னார், டீச்சர் சொன்னார், ஊர் என்ன சொல்லும் என்று இன்னொருவர் முதுகில் ஏற்றாதே. நேராகச் சொன்னால் சண்டை வரும். சண்டை வந்தால் சமாதானமும் வரும். என்னோடு சண்டை போட வாப்பாவுக்கு நான் இடமே கொடுக்கவில்லை.

என்னை மன்னிக்கும்படி கேட்டு இதை எழுதவில்லை. பிள்ளை பிறக்கும்போது வரட்டுமா என்றும் கேட்கப்போவதில்லை. நீயும் சுஹுராவும் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் அதற்கான காரணம் எனக்குத் தெரியும். நீ வாப்பாவை மன்னித்துவிட்டதாகச் சொன்னாயே, அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள். அவரை மன்னிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

உன் பிள்ளை வளர்ந்து ஒரு நாள் கேட்கும், உங்கள் வாப்பா ஏன் நம் வீட்டுக்கு வந்ததே இல்லை என்று. உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. இஷ்டமில்லை என்றும் சொல்லாதே. வரத்தான் துடித்தார், என்னைப் பெற்றவள் விடவில்லை என்று சொல். ஏன் விடவில்லை என்று அது கேட்டால், அதையும் மறைக்காமல் சொல். உன்னைப் பார்ப்பதற்கு முன்னாலேயே உன் நிறம் வேண்டாம் என்று நினைத்தாள் என்று சொல். கேட்டுவிட்டு அது என் மடிக்கு வந்தால் வரட்டும். வராவிட்டால், வா என்று நீ அதை வற்புறுத்தாதே.

இப்படிக்கு,
உன் உம்மா